காசுக்கும் ஊர் உண்டு

தமிழ் பயில்வோர் பழங்காசு சேர்க்கலாமா என்று நம்மிடம் வினவுவோர் உளர். சேர்க்கலாம்; ஆனால் எதைச் சேர்க்கிறோம் என்பதை உணர்ந்து சேர்க்க வேண்டும் என்பதே நாம் கூறும் விடை. கும்பினியார் துட்டும், ஆர்க்காட்டு நவாபின் காசும், சோழர் காசும் கைமாறும் இடங்களில் உரோமானியப் பேரரசர் தலை பொறித்த காசுக்குத் தனி மதிப்பு உண்டு. ஈராயிரம் ஆண்டுப் பழைமை நம் உள்ளங்கையில் கிடக்கிறது என்னும் எண்ணம் எவரையும் ஈர்க்கும். அவ்வீர்ப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், அக்காசு எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பேரரசனின் பெயர் தெரிகிறது, ஆண்டு தெரிகிறது, எடை தெரிகிறது, விலையோ மிக நன்றாகத் தெரிகிறது. ஊர் மட்டும் தெரிவதில்லை.

ஊரை இழந்த காசு தன் வரலாற்றில் பாதியை இழந்த காசு. அவ்விழப்பைத் தடுக்கும் கடமை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் சிறப்பாக உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

நம் மண்ணும் யவனர் வணிகமும்

திண்டிவனத்தை ஒட்டியுள்ள கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளில், பரிசில் நாடிச் செல்லும் பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் வழியே கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகிறது. கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கிய காவிதிக் கீரங்கண்ணனார், குலபதி நக்கண்ணனார் ஆகிய சங்கப் புலவர்களும் உளர். பேருந்தில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் ஊர்களுள் ஒன்று சங்க இலக்கியத்தின் உயிர்நாடியாக விளங்கியது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அப்பட்டினத்துக் கடற்கரையைக் காட்டும் புலவர், அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தன என உவமிக்கிறார். நெய்தல் நிலத்து மணலில் ஒட்டகம் எவ்வாறு உவமையாயிற்று? தொலைநாட்டு விலங்கைக் கண்டோ கேட்டோ அறிந்த மக்கள் நடமாடிய துறைமுகம் அது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், கீழைக் கடற்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றை வரிசைப்படுத்துகிறது. பொதுகே என்பதை அரிக்கமேட்டோடும், சோபட்மா என்பதை மரக்காணத்தோடும் ஆய்வாளர் பலர் பொருத்திக் காண்பர். 'சோ' என்பதற்கும் மதில் என்று பொருள். 'எயில்' என்பதற்கும் மதில் என்று பொருள். சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஓர் ஊரின் இரு பெயர்களே என்னும் முடிவுக்கு இச்சொல்லாராய்ச்சி துணைநிற்கிறது. விழுப்புரத்திற்குக் கிழக்கே அரிக்கமேடு, திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம், விழுப்புரத்திற்கு மேற்கே தென்பெண்ணைக் கரையில் மலையமான்களின் திருக்கோவிலூர் என, யவன வணிகத்தோடு தொடர்புடைய ஊர்கள் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. உரோமக் காசு நமக்கு எங்கோ விளைந்த வேடிக்கைப் பொருளன்று. நம் வயல்வெளியில் கிடைக்கக்கூடிய சான்று.

மண் அறிந்த காசு பேசும்

முசிறித் துறைக்கு யவனரின் மரக்கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்டதை அகநானூற்று 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பதிவு செய்துள்ளார். மறுகரையில் நின்று அதே வணிகத்தைக் கண்டவர் உரோமானிய அறிஞர் பிளினி. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் அளவுக்குத் தம் நாட்டுச் செல்வத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று அவர் மனங்குமைந்தார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ்; 25 டெனாரியஸ் ஒரு பொற்காசு. அக்கணக்கின்படி அத்தொகை 5 இலட்சம் பொற்காசுகளுக்குச் சமம். புலவரின் பாட்டும் பிளினியின் புலம்பலும் மெய்யா மிகையா என்று தீர்ப்புக் கூறவல்லது தமிழக மண்ணில் கிடைக்கும் காசுதான்.

மண் அறிந்த காசு எவ்வளவு பேசும் என்பதற்குச் சான்றுகள் சில காண்போம். புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது வேண்டுமென்றே உளியால் வெட்டியிருந்தனர். அக்காசுகள் இனி நாணயமாகச் செல்லா, எடையிட்ட பொன்னாக மட்டுமே செல்லும் என்பதைக் காட்டவே அவ்வாறு வெட்டினர் என்பது ஆய்வாளர் கருத்துகளுள் ஒன்று. அக்காசுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பல கைகளுக்குப் போயிருந்தால், தலையில் வெட்டுப்பட்ட ஒரு காசைக் கண்டவர் அதைப் 'பழுதுபட்டது' என்று ஒதுக்கியிருப்பார். ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடைத்தமையால்தான் பழுது ஒரு வழக்காறாக விளங்கிற்று.

கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலும் 1891ஆம் ஆண்டிலும் ஒவ்வொரு முறையும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. தென்னாட்டில் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவர் வெளியிட்டவையே மிகுதி. இதற்குக் காரணம் என்ன? கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையை ஓர் உரோம இராத்தலுக்கு 84 காசு என்னும் அளவிலிருந்து 96 காசு என்னும் அளவுக்குக் குறைத்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வந்த வெள்ளிக் காசுகள் இங்கு அருகியே காணப்படுகின்றன. தரங்குறைந்த காசைத் தமிழ் வணிகர் ஏற்க மறுத்தனர் என்பது இதனால் உய்த்துணரப்படும். பேரரசன் தலை பொறித்திருந்தாலும் உரைத்துப் பார்த்தே வாங்கும் அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. இவ்வுண்மையைத் தனிக்காசு ஒன்று உணர்த்தாது. எந்த ஊரில், எத்தனை காசு, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் குறிப்பே உணர்த்திற்று.

நம் வட்டாரத்திற்கே வருவோம். திருக்கோவிலூர்ப் பகுதியைச் சேர்ந்த சோரியப்பட்டில் ஏறத்தாழ 200 உரோமப் பொற்காசுகள் கிடைத்தமை காசியல் அறிஞர் நன்கறிந்த செய்தி. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபின் திருக்கோவிலூர் அம்மாவட்டத்தைச் சார்ந்துவிட்டது. ஆயினும் தென்பெண்ணை ஆறு மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. உள்நாட்டு ஊர் ஒன்றில் இத்துணைப் பொன் சேர்ந்திருந்தது என்னும் ஒரு செய்தியே, மலையமான் நாட்டின் வளத்தைப் பாடிய புலவர்களின் சொல்லுக்கு அரண் செய்கிறது. ஊர்ப்பெயர் மறைந்திருந்தால் அவ்வரணும் மறைந்திருக்கும்.

மாறாக, அரிக்கமேட்டை நோக்குக. 1945இல் அங்கு அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர் அவ்விடத்தின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் துணைகொண்டது பொற்குவியலை அன்று. இத்தாலி நாட்டு மட்கல ஓடுகளையே. உடைந்த ஓடுகள் தாம் கிடந்த மண்ணடுக்கோடு அறியப்பட்டமையால் இந்தியத் தொல்லியலுக்கே கால அளவுகோலாயின. இடம் தெரிந்த ஓடு, இடம் தெரியாத பொன்னினும் விலை மிக்கது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சேர்ப்போரின் தொண்டும் குறையும்

காசு சேர்ப்போரெல்லாம் வரலாற்றின் பகைவர் எனக் கூறுவது அறமன்று. 19ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் எலியட்டும், வேலூரில் வாழ்ந்த சமயத் தொண்டர் லோவந்தாலும் சேர்த்து எழுதியிராவிடின் தென்னாட்டுக் காசியல் கண்விழிக்கப் பன்னாள் ஆகியிருக்கும். நம் காலத்தில், 2021இல் மறைந்த தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆற்றிய தொண்டு தமிழுலகம் அறிந்தது. 'பெருவழுதி' என்று தமிழ் எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை அவர் வெளிக்கொணர்ந்தபோது, சங்ககாலத் தமிழ் மன்னர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. கரூரில் கிடைத்த 'மாக்கோதை' என்னும் சேரர் வெள்ளிக் காசில் உள்ள தலை உரோமக் காசின் சாயலை உடையது. பேரரசனின் முகத்தைக் கண்ட சேரன் தன் முகத்தையும் பொறிக்க விரும்பினான் போலும்! மலையமான்களின் குதிரை பொறித்த செப்புக் காசுகளைப் பற்றியும் அவர் ஆராய்ந்து எழுதினார். பிற்கால உரோமச் செப்புக் காசுகளைப் பற்றி அவர் 1994இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கரூர், மதுரை என ஊர்ப்பெயர்கள் இடம்பெற்றுள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. சேர்ப்பவர் ஊரைக் காத்தார். ஆதலின் காசும் வரலாற்றைக் காத்தது.

ஆனால் அத்தகையோர் சிலரே. கண்டெடுத்த பொற்காசு தட்டாரின் உலையில் உருகிப் போவதும், செப்புக் காசு பாத்திரக் கடையில் எடைக்குப் போவதும் பழங்கதைகள் அல்ல. நம் மாணவர் ஒருவர் ஆற்று மணலில் கிடைத்ததாகச் சிறு செப்புக் காசு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்புக்குக் கொண்டு வந்தார். மிளகினும் சற்றே பெரியது. தேய்ந்த முகம் ஒன்று மட்டும் தெரிந்தது. அதுபோன்று இன்னும் ஒரு கைப்பிடி வீட்டில் உள்ளதென்றார். அடுத்த வாரம் கேட்டபோது, வீட்டார் அவற்றைப் பழைய பாத்திரங்களோடு சேர்த்துக் கடையில் போட்டுவிட்டனர் என்றார். கிடைத்த தொகை ஒரு தேநீர்ச் செலவுக்கும் போதாது. அவை எந்நாட்டுக் காசுகள் என்பதை இனி எவராலும் கூற இயலாது. ஆற்றின் எந்தத் துறையில் அவை கிடந்தன என்பது மட்டும் அம்மாணவர்க்குத் தெரியும். அவர் நினைவோடு அதுவும் போய்விடும்.

உருகிய காசு ஒரு முறை சாகிறது. குறிப்பின்றிப் பேழைக்குள் செல்லும் காசோ கண்ணாடிக்குள் இரண்டாம் முறை புதைகிறது. இணையவழி வணிகம் பெருகிய இந்நாளில், 'தென்னிந்தியாவில் கிடைத்தது' என்னும் ஒரே அடைமொழியோடு காசுகள் கடல் தாண்டிப் பேசப்படுகின்றன. தென்னிந்தியா என்பது ஊரன்று. அதே கடைவிரிப்பில் வார்ப்பில் செய்த போலிகளும் கலக்கின்றன. கிடைத்த இடம் அறிந்த காசுக்கே நம்பகமும் மிகுதி என்பதைச் சேர்ப்போர் தம் நலம் கருதியேனும் உணர்தல் வேண்டும்.

தீனார் கூறும் உறவு

இத்துறையில் நம் சமுதாயத்து இளைஞர்க்குத் தனி ஈடுபாடு தோன்ற ஒரு காரணமும் உண்டு. உரோமரின் 'டெனாரியஸ்' என்னும் சொல்லே அரபு மொழியில் 'தீனார்' ஆயிற்று. கிரேக்கரின் 'திரக்மா' திர்கம் ஆயிற்று. திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனத்தில் தீனாரும், யூசுஃப் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் திர்கமும் இடம்பெற்றுள்ளன. குப்தர் கல்வெட்டுகளிலும் பொற்காசு தீனாரம் எனப்பட்டது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், கி.பி. 696–97இல், உருவங்களை நீக்கி எழுத்துகள் மட்டுமே அமைந்த பொற்காசை வெளியிட்டார். பெயரோ தீனார் என்றே நின்றது. ஒரு சொல் மூன்று நாகரிகங்களைக் கோத்த கயிறாக விளங்குவதை இங்குக் காண்கிறோம்.

இஸ்லாமியச் சட்டத்தில் பண்டைக்காலப் புதையலுக்கு 'ரிகாஸ்' என்று பெயர். அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநலத்திற்கு உரியது என்பது நபிமொழி. மண்ணிலிருந்து வருவது கண்டவனின் நற்பேறு மட்டுமன்று, அதில் ஊராருக்கும் உரிமை உண்டு என்னும் நெறியை நம் பெரியோர் நன்கறிவர். பொன்னில் பங்கு உண்டெனில், பொன் கூறும் செய்தியில் பங்கு இல்லையா?

சட்டம் எங்கே தவறுகிறது?

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். அதில் பொருளின் தன்மையையும் மதிப்பையும் மட்டுமன்றி, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்தல் வேண்டும். இடத்தின் அருமையை அச்சட்டம் அன்றே உணர்ந்திருந்தது. மறைப்போர்க்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அது இடமளிக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது; உரிமமின்றி அவற்றை வணிகம் செய்யவும் இயலாது.

சட்டம் இருந்தும் காசுகள் ஏன் உலைக்குச் செல்கின்றன? 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு புதையலைக் கையகப்படுத்தினால், உரியோருக்குத் தருவது அவ்வுலோகத்தின் மதிப்பும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. உரோமக் காசு ஒன்றை உலோகமாக நிறுத்துத் தரும் விலைக்கும், காசு சேர்ப்போர் தரும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. செப்புக் காசாயின் உலோக விலை சொல்லத்தக்கதே அன்று. ஏர் உழும்போது கலயம் ஒன்றைக் கண்ட உழவர் என் செய்வார்? ஒருபுறம் காவல்துறையைப் பற்றிய அச்சம். மறுபுறம் அற்பத் தொகை. நடுவில், ஊரைக் கேட்காமல் உடனே பணம் தரும் தரகர். அவர் தரகரை நாடினால் குற்றம் அவரிடம் மட்டும் உள்ளதென்று நாம் கூறோம்.

இங்கிலாந்து நாட்டில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, அருங்காட்சியகம் பெறும் புதையலுக்குச் சந்தை மதிப்பை வல்லுநர் குழு கணித்துத் தருகிறது. சட்டத்திற்கு உட்படாத சிறு பொருள்களையும் பொதுமக்கள் தாமே முன்வந்து காட்டிப் பதிவு செய்யும் திட்டம் 1997இல் தொடங்கிற்று. பதிவான பொருள்கள் பத்து இலட்சத்தைக் கடந்துவிட்டன. மக்களைக் கள்வராக நோக்காமல் துணைவராக நோக்கியதன் பயன் இது. மண்ணுக்கு மேலும் கீழும் வரலாறு நிறைந்த நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது. கண்டெடுத்தவருக்கு உரிய விலையும், விரைந்த கொடுப்பனவும், ஊர் அறியப் பாராட்டும் கிடைக்குமாறு 1878ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

தடைகளும் விடைகளும்

ஊர்ப்பெயரை எழுதி வைத்தால் புதையல் வேட்டைக்காரர் அவ்வூரைத் தோண்டிவிடுவரே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. அதற்கு விடை எழுதாமலிருப்பது அன்று; எழுதியதைத் தக்கோரிடம் ஒப்படைப்பதாகும். வயலின் எல்லை தொல்லியல் துறைக்குத் தெரியட்டும். வெளியுலகுக்கு ஊர்ப்பெயர் தெரிந்தால் போதும்.

இஃது வரலாற்றுத்துறையின் வேலையன்றோ, தமிழ்த்துறைக்கு இதில் என்ன உரிமை என்பாரும் உளர். சிறுபாணாற்றுப்படையையும் அகநானூற்றையும் தேர்வுக்காக மட்டும் கற்பிப்பதாயின் அவ்வினா பொருத்தமே. அவற்றைக் கிடங்கில் மக்களின் வாழ்வாகக் கற்பிப்பதாயின், அவ்வாழ்வின் சான்றுகளைக் காப்பதும் தமிழாசிரியர் தொழிலின் ஒரு பகுதியே.

எனவே, நம் வட்டாரக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் 'காசேடு' ஒன்றைத் தொடங்கலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு பதிவேடும், தட்டாரிடம் உள்ளது போன்ற ஒரு சிறு தராசும், மாணவரின் கைப்பேசியும் போதும். காசின் இருபுறப் படம், எடை, விட்டம், கிடைத்த ஊர், நிலமா ஆறா என்னும் குறிப்பு, உடன் கிடைத்த ஓடு, மணி முதலியன, கண்டவர் கூறிய செய்தி, பதிந்த நாள் ஆகியவற்றை எழுதினால் போதுமானது. காசு கண்டவரிடமே இருக்கட்டும். புதையலாயின் ஆட்சியருக்கு அறிவிக்க அவருக்கு நாமே விண்ணப்பம் எழுதித் துணைநிற்போம். பாத்திரக் கடையாரையும் தட்டாரையும் அணுகி, உருக்குமுன் ஒரு முறை காட்டுமாறு வேண்டுவோம். காசைத் தேய்த்துத் துலக்குதல் கூடாது என்பதையும், தேடி அகழ்தல் நம் வேலையன்று என்பதையும் மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். பெயர்க்கப்பட்ட மண்ணை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது.

காசு சேர்க்கும் நண்பர்கட்கும் ஒன்று கூறுவோம். உங்கள் பேழையில் உள்ள ஒவ்வொரு காசுக்கும் அருகில், நீங்கள் அறிந்த அளவில் அதன் ஊரை இன்றே எழுதி வையுங்கள். விற்றவரை நினைவுகூர்ந்து கேளுங்கள். ஊர் கூறாத வணிகரிடம் வாங்க மறுங்கள். வாங்குவோர் கேட்டால் விற்போர் கூறுவர். ஒருவரும் கேளாமையாலேயே ஒருவரும் கூறுவதில்லை. தரங்குறைந்த காசை ஏற்க மறுத்த வணிகரின் வழித்தோன்றல்கள் நாம். ஊர் தெரியாத காசை ஏற்க மறுப்பது நமக்கு அரிதன்று.

உரோமப் பேரரசனின் முகத்தை அறிய உலகெங்கும் அருங்காட்சியகங்கள் உள்ளன. அவன் காசை ஏற்றுப் பண்டம் தந்த ஓய்மாநாட்டு வணிகனையும், அதைக் கலயத்தில் இட்டுப் புதைத்த மலையமான் நாட்டுக் குடிமகனையும் அறிய நம் மண்ணை விட்டால் வேறிடமில்லை. அவர்களுடைய பெயர்கள் காசில் இல்லை. காசு கிடந்த ஊரில் அவர்கள் இருக்கிறார்கள். அவ்வூரின் பெயரை எழுதி வைக்கும் எளிய பணியை இவ்வாண்டிலேயே நம் மாணவர் தொடங்குவாராக. ஆசிரியர் வழிகாட்டுக, சமுதாயப் பெரியோர் துணைநிற்க.